இலவச வக்கீல்னா மட்டமா?

கலிஃபோர்னியால ஒரு கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரொம்ப வருஷமா பப்ளிக் டிஃபெண்டரா, அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற வக்கீலா இருக்கற நம்ம ஊர் வக்கீலம்மா இந்த முறை வாசகர்களுக்குப் பதில் சொல்றாங்க.

கேள்வி: எங்க அக்கா பையனை கலிஃபோர்னியால திருட்டு கேஸ்ல பிடிச்சுட்டாங்க மேடம். கோர்ட்லயே ஒரு அரசாங்க வக்கீலைக் கொடுத்திருக்காங்களாம். கடனை வாங்கியாவது வெளி வக்கீலை வைங்கன்னு சொந்தக்காரங்க பிடுங்கி எடுக்கறாங்க. இலவச வக்கீல் ஒழுங்கா வாதாடுவாங்களா?

பதில்: லாக்கப்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும் இதைத்தான் கேப்பாங்க, "நீங்க நிஜ வக்கீலா, இல்ல பப்ளிக் டிஃபெண்டரா?"ன்னு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, பிடிச்ச ஷெரிஃபும் (கவுண்டி போலீஸ் தலைவர்) கேஸ் போட்ட டிஏவும் (குத்தம் சாட்டற அரசு வக்கீல்) நானும் மூணு பேருமே கவுண்டி சம்பளம் வாங்கறவங்கதானே, எப்படி நம்புவாங்க.

ஆனா ஒண்ணு, நாங்க தினமும் நிக்கறது அதே கோர்ட், அதே ஜட்ஜ், அதே டிஏ, யாரு எதுக்கு இறங்கி வருவாங்க யாரு வரமாட்டாங்கன்னு அத்துப்படி. துப்பறிய ஆள் எங்க ஆபீஸ்லயே இருக்காங்க, அதுக்கும் நீங்க காசு தர வேண்டாம். அதே கோர்ட்ல கிரிமினல் கேஸ் மட்டுமே பாக்கற நல்ல வக்கீல் கிடைச்சா தாராளமா வைங்க, டைவர்ஸ் கேஸுக்கு நடுவுல இதையும் பாத்துக்கறேன்னு சொல்றவர்கிட்ட கடன் வாங்கிக் கொட்டாதீங்க, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், பையன் சிட்டிசனா, கிரீன் கார்டா, விசாவா? இதை முதல் நாளே வக்கீல்கிட்ட சொல்லச் சொல்லுங்க. குத்தத்தை ஒத்துக்கிட்டா நாட்டை விட்டு அனுப்புவாங்களான்னு வக்கீல் எச்சரிக்கணும்னு 2010லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. திருட்டு கேஸ்ல டிஏ "365 நாள், ஆனா தண்டனையை நிறுத்தி வச்சுடலாம், இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்"னு ஆசை காட்டினா பையன் உடனே தலையாட்டிடுவான். ஆனா நிறுத்தி வச்ச தண்டனையும் இமிக்ரேஷன்காரங்களுக்குத் தண்டனைதான், ஒரு வருஷம்னு பேப்பர்ல ஏறிட்டா நாட்டை விட்டு அனுப்பற அளவுக்கு மோசமான குத்தங்களோட பட்டியல்ல சேத்துடுவாங்க. அதே டீல்ல 364ன்னு எழுத வச்சா அந்தப் பட்டியல்ல விழமாட்டான். அந்த ஒரு நாளுக்காக நான் காரிடார்ல நின்னு மல்லுக்கட்டின கேஸ் நிறைய.

இன்னொண்ணு, ஜெயில் போன்ல கேஸைப் பத்தி மூச்சு விடாதீங்க, தமிழ்ல பேசினாலும் சரி. எல்லாம் ரெக்கார்ட் ஆகும், டிஏ கேட்டா கையில கொடுத்துடுவாங்க.

கேள்வி: தப்பு பண்ணவன்னு தெரிஞ்சும் எப்படிம்மா அவனுக்காகப் பேசறீங்க?

பதில்: பண்ணினியான்னு நான் கேக்கறதே அபூர்வம், போலீஸால நிரூபிக்க முடியுமாங்கறதுதான் என் வேலை. ஃப்ளோரிடால கிளாரன்ஸ் கிடியன்னு ஒருத்தர், பில்லியர்ட்ஸ் ஆடற இடத்துல உடைச்சு உள்ள நுழைஞ்சாருன்னு கேஸ். வக்கீல் கேட்டாரு, தரமாட்டேன்னுட்டாங்க, தானே வாதாடி அஞ்சு வருஷம் உள்ள போனாரு. ஜெயில்ல இருந்து பென்சில்ல எழுதிப் போட்ட மனுவாலதான் 1963ல ஏழைக்கும் வக்கீல் உண்டுன்னு தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் அதே ஜட்ஜ் முன்னாடி மறுபடியும் விசாரணை, இந்தத் தடவை வக்கீல் இருந்தாரு, முக்கிய சாட்சியைக் குடைஞ்சு எடுத்தாரு, ஜூரி விடுதலைன்னுடுச்சு.

கேள்வி: எங்க பொண்ணு அங்க சட்டம் முடிக்கப் போறா. பெரிய கம்பெனி வேலையை விட்டுட்டு உங்க மாதிரி கவுண்டி வேலைக்குப் போறேங்கறா. விடலாமா?

பதில்: காசைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். பெரிய ஃபர்ம் சம்பளம் கனவுலயும் வராது, ஆனா பென்ஷன் உண்டு, அரசாங்க வேலைல இருந்துக்கிட்டு 120 மாசத் தவணை ஒழுங்கா கட்டினா விதிகளுக்கு உட்பட்ட ஃபெடரல் படிப்புக் கடன்ல மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க.

ஆளை அடிக்கறது கேஸ் எண்ணிக்கைதான். ஒரு வக்கீலுக்கு வருஷத்துக்கு 150 பெரிய குத்தக் கேஸ் வரைக்கும் ஓகேன்னு 1973ல ஒரு கணக்கு போட்டாங்க. அப்ப ஏது போலீஸ் சட்டையில மாட்டிக்கற பாடி கேமரா? இப்ப சின்ன கேஸ்லயே மூணு போலீஸோட வீடியோ வரும், மணிக்கணக்கா உக்காந்து பாக்கணும், பாக்காம விடவும் முடியாது. ஒரு கேஸ்ல ரிப்போர்ட்ல "அனுமதி வாங்கிட்டு டிக்கியைத் திறந்தேன்"னு இருந்துச்சு, வீடியோவுல பாத்தா டிக்கி திறந்து ஒரு நிமிஷம் கழிச்சுதான் அனுமதியே கேக்கறாரு! கேஸே அதோட படுத்துடுச்சு. ஆயுள் முழுக்க உள்ள தள்ளக்கூடிய கேஸ் ஒண்ணுக்கு 286 மணி நேரம் வேணும்னு 2023ல வந்த ஆய்வு சொல்லுது, அந்தக் கணக்குப்படி பாத்தா வருஷத்துக்கு ஏழு கேஸ்தான் தாங்கும். எந்த கவுண்டி அவ்வளவு ஆள் போடும், நீங்களே சொல்லுங்க.

பொண்ணு தூங்குமான்னு கேட்டா முதல் ரெண்டு வருஷம் சந்தேகம்தான். வேலைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு திங்கக்கிழமை காலைல ஏதாவது ஒரு கவுண்டி கோர்ட்ல போய் உக்காரச் சொல்லுங்க, யார் வேணா போகலாம், சனி ஞாயிறுல பிடிச்சவங்களை எல்லாம் அன்னிக்குத்தான் வரிசையா கொண்டு வருவாங்க. ஒரு வக்கீல் கை நிறைய ஃபைலோட ஒவ்வொருத்தர்கிட்டயா ரெண்டு நிமிஷம் குசுகுசுன்னு பேசிட்டு ஓடிக்கிட்டிருப்பாரு. அதைப் பாத்துட்டும் வேணும்னா மறிக்காதீங்க.