நெறியாளரின் எச் குறியீடு 48: அதை எப்படிப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

மருத்துவ ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேரவிருக்கும் உங்கள் மகளுக்கு இரண்டு பேராசிரியர்கள் இடம் தர முன்வந்திருக்கிறார்கள். ஆய்வாளரின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச் குறியீடு ஒருவருக்கு 48, மற்றவருக்கு 17. மகளின் மனம் 17 பக்கம் சாய்கிறது. 48-ஐ உதறிவிட்டுப் போகிறாரே என்று நீங்கள் தவிக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தால் சொல்ல முடியும். அதை நீங்களே வீட்டிலிருந்து பார்க்கலாம்.

எச் குறியீட்டை ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தார். ஒரு கட்டுரையை வேறொரு கட்டுரை ஆதாரமாகச் சுட்டினால் அது ஒரு மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளை, அவை பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். எத்தனையாவது கட்டுரையோ குறைந்தது அத்தனை மேற்கோள்கள் அதற்கு இருக்கும் கடைசி இடமே குறியீடு. ஆறு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 6, 5, 3 என்று மேற்கோள்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து இருக்கிறது, ஆறாவதுக்கு ஆறு இல்லை. ஆகவே குறியீடு 5. ஐந்தே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேற்கோள் பெற்றவருக்கும் அதே 5-தான். முதலாமவரின் 40 அந்த எண்ணில் எங்குமே தெரியாது.

இன்னொன்று, இந்த எண் இறங்குவதில்லை. ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் பழைய கட்டுரைகளால் ஏறிக்கொண்டே போகலாம். அதனால்தான், முதல் கட்டுரை வெளிவந்ததிலிருந்து ஆன ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் வழியையும் ஹிர்ஷ் சொன்னார். 48 வைத்திருப்பவர் 30 ஆண்டுகளாக எழுதுகிறார், 17 வைத்திருப்பவர் 10 ஆண்டுகளாக எழுதுகிறார் என்றால், ஆண்டுக்கு 1.6-உம் 1.7-உம் வருகிறது. உங்களை உறங்கவிடாமல் செய்த இடைவெளி அங்கேயே காணாமல் போகிறது. உங்கள் கடிதத்தில் அந்த ஆண்டுக் கணக்கு இல்லை. முதலில் அதைத் தேடுங்கள்.

இரண்டு எண்களையும் ஒரே தளத்திலிருந்து எடுத்தீர்களா? கூகுள் ஸ்காலர் தளம் ஆய்வேடுகள், மாநாட்டுத் தாள்கள், இதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் முன்னச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்த இதழ்களை மையமாக வைத்தே எண்ணுகின்றன. அதனால் ஒரே ஆளுக்குக் கூகுளில் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒரே பெயரும் முதலெழுத்தும் உள்ள இருவரின் கட்டுரைகள் ஒரு கணக்கில் கலந்துவிடுவதும் உண்டு. ஆய்வாளருக்கு ஆர்க்கிட் எனும் 16 இலக்க அடையாள எண் இருந்தால், அதன்கீழ் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

துறையும் கணக்கைப் புரட்டிப் போடும். புற்றுநோய், இதயநோய் ஆய்வில் எழுதுகிறவர்கள் ஏராளம், மேற்கோள்களும் குவியும். ஓர் அரிய நோயை ஆராய்கிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதைப் படித்து மேற்கோள் காட்டக்கூடியவர்கள் சிலரே. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்ற அளவை வைத்திருக்கின்றன. ஒரு கட்டுரையை அதே துறையில் வெளிவந்தவற்றோடு ஒப்பிடும் அளவு அது. ஐசைட் என்ற அவர்களின் இலவசத் தளத்தில், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு இதைப் பார்க்கலாம்.

மேற்கோள் என்பதே பாராட்டு என்றும் கொள்ள வேண்டாம். புரதத்தை அளக்கும் முறையை விளக்கி லோரியும் உடனாளர்களும் 1951-இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. சோதனைக்கூடத்தில் அன்றாடம் தேவைப்பட்ட முறை என்பதால் வந்தவை அவை. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது; அதற்கும் மேற்கோள்கள் ஏராளம், பல அதை மறுக்க எழுந்தவை. மறுபுறம், கத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்ட, பின்னாளில் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடித்தளமான எம்ஆர்என்ஏ கட்டுரையைத் தொடக்கத்தில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2023-இல் அந்தப் பணிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதழின் தாக்கக் காரணி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி. தனிக் கட்டுரையின் தரத்தை அது சொல்லாது. நேச்சர் இதழே 2005-இல் தன் கணக்கை வெளிப்படையாக வைத்தது: அதன் மேற்கோள்களில் 89 சதவீதம் கால்வாசிக் கட்டுரைகளிலிருந்தே வந்திருந்தன. இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலைக்கு வருகிறேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெயர்களின் வரிசைக்குப் பொருள் உண்டு. பெரும்பாலும் முதல் பெயர், வேலையைத் தோளில் சுமந்தவருடையது. கடைசிப் பெயர், ஆய்வகத் தலைவருடையது. பப்மெட்டில் இரு பேராசிரியர்களின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளையும் திறந்து வையுங்கள். பேராசிரியர் பெயர் கடைசியில் இருக்கும் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுத்து, முதலில் நிற்பது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் அவருடைய முனைவர் பட்ட மாணவர்களுடையவையா? மாணவர்கள் எல்லாக் கட்டுரையிலும் நடுவில் புதைந்திருக்கிறார்களா? பல மருத்துவமனைகளில் ஒருசேர நடந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் பெயரில் வெளிவரும் மருந்துச் சோதனைகளில் நடுவில் ஒரு பெயராக இருந்தே 48 வந்திருந்தால், உங்கள் மகளின் முதல் கட்டுரைக்கு அந்த 48 எந்த உத்தரவாதமும் தராது.

17 உள்ளவரையும் இதே கண்டிப்போடு பாருங்கள். ஒரு மாணவர்கூட இன்னும் பட்டம் முடிக்கவில்லை, முதல் ஆசிரியராக ஒருவரும் வெளிவரவில்லை என்றால், என் பரிந்துரை 48 பக்கம் திரும்பும். மூன்று நான்கு மாணவர்கள் உரிய காலத்தில் பட்டம் முடித்து, முதல் ஆசிரியராகக் கட்டுரையும் வெளியிட்டிருந்தால், மகளின் கணிப்பு சரியாகவே இருக்கிறது, தடுக்காதீர்கள்.

கடைசியாக, இரு ஆய்வகங்களிலிருந்தும் வெளியே போன மாணவர்கள் இரண்டிரண்டு பேரிடமாவது பேச வேண்டும். எத்தனை ஆண்டில் முடித்தீர்கள், எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை வாரத்தில் திருத்தத்தோடு திரும்பி வந்தது, முதல் ஆசிரியர் யார் என்பது எப்போது முடிவானது என்று கேட்டால் போதும். இந்தப் பேச்சை மகளிடமே விட்டுவிடுங்கள். ஒரு பெற்றோர் கேட்டால், அந்த மாணவர்கள் மரியாதைக்காக நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.