கொலுசுப் பட்டறைக்கார அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையை அரைநாள் மூடிவிட்டு மகளுடன் வந்திருந்தீர்கள். "என்ஜினீயரிங் கிடைக்கும் மதிப்பெண் வரும், இவளோ பிளாஸ்மா என்கிறாள். யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டீர்கள். அன்று கூட்டம், நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? வரிசையாகச் சுருண்ட அலைகள், பக்கத்தில் நான்கு புள்ளிகள். ஏற்காடு ஏரியில் காற்று நீரை உரசினால் அலை எழுகிறதல்லவா? சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்துகள் காற்று (அவள் சொல்லும் பிளாஸ்மா இதுதான்), பூமியின் காந்தப்புல எல்லையை அப்படித்தான் உரசுகிறது. எல்லையின் பக்கவாட்டில் அலை எழுந்து, வளர்ந்து, பூமியைவிடப் பெரிய சுழலாகச் சுருள்கிறது. அதன் வழியே சூரியக் காற்று உள்ளே நுழைகிறது. கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை என்பார்கள். ஒற்றைச் செயற்கைக்கோள் கடந்துபோனால் அது அலையா, சுருண்ட சுழலா என்று பிரித்தறிவது கடினம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிளஸ்டர் திட்டத்தில் நான்கு செயற்கைக்கோள்கள் சேர்ந்து அளந்ததால் 2004இல் சுழல் என்று தெளிவானது. அந்த நான்கு புள்ளிகள் அவைதான். பாடநூலில் இல்லாததைத் தானே தேடிப் படித்து வரைந்திருக்கிறாள். எனக்கு அதுவே பெரிய தகுதியாகப் படுகிறது.

இனி சோற்றுக் கவலை. மறைக்க மாட்டேன்: பிஎச்.டி. முடியப் பத்து ஆண்டுகள் ஆகலாம், நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஆனால் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஐசர், நைசர் இரண்டும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். ஐசர் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐஏடி, புவனேசுவரம் நைசருக்கு நெஸ்ட் என்று நுழைவுத் தேர்வுகள், இரண்டையும் எழுதட்டும். கிடைக்காவிட்டால் சேலத்திலேயே அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு ஜாம் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. எனக்கு இந்த இரண்டாவது வழி மீது மரியாதை அதிகம். பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், பிஎச்.டி. படிக்கும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதன்பின் உங்களிடம் கைநீட்ட மாட்டாள். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலியிலேயே ஆய்வகம் இருக்கிறது. நம் ஆதித்யா எல்1 விண்கலமும் சூரியக் காற்றை அளந்துகொண்டிருக்கிறது. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும், அதற்காகப் பழகும் கணினி நிரலும் தரவுப் பகுப்பாய்வும் வெளியில் வேலை வாங்கித் தரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பாதுகாப்புக்கு என்று என்ஜினீயரிங்கில் சேர்த்துவிட்டு, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லாதீர்கள். மாற முடியும், ஆனால் விட்டுப்போன இயற்பியலைத் தனியே உட்கார்ந்து படித்துத்தான் மாற வேண்டியிருக்கும்.

வரும் சனிக்கிழமை வகைக்கெழுச் சமன்பாடு போட்ட கணக்கு நோட்டுடன் அவளை அனுப்புங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்துவிட்டு, தேர்வுக்கான பயிற்சியை அங்கிருந்து தொடங்குகிறேன்.