இக்கத் துணி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: பாவா, ஊடையா?

கேள்வி: திருச்சியில் வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டு குர்த்தி தைத்து விற்கிறேன். ‘போச்சம்பள்ளி இக்கத், கைத்தறி’ என்று ஆன்லைனில் போட்டிருந்ததைப் பார்த்து, மீட்டர் 110 ரூபாய்க்கு 30 மீட்டர் வாங்கினேன். வாடிக்கையாளர் ஒருவர் ‘இது வெறும் பிரிண்ட்’ என்று குர்த்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைப் போலச் சிறிய அளவில் வாங்குபவர்கள் எங்கே, எப்படி வாங்குவது?

பதில்: அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அந்த விலையே பாதி பதில். மீதியை நீங்களே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். இக்கத்தில் சாயம் ஏறுவது நூலில், நெய்வதற்கு முன்பே. டிசைன் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு, நூல் கற்றைகளை அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் இதற்கு சைக்கிள் டியூபிலிருந்து கீறிய ரப்பர் பட்டையே போதும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அதனால் உருவிய நூலில் கொஞ்ச தூரம் சிவப்பு, அப்புறம் வெள்ளை, மறுபடி சிவப்பு என்று நிறம் முழுசாக மாறும். பிரிண்ட் துணியின் நூலோ புள்ளி புள்ளியாக இருக்கும். குறுக்கு நூலுக்கு அடியில் ஒளிந்திருந்த இடமெல்லாம் வெளுத்துத் தெரியும். பின்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய துணியில் பிரிண்ட்டும் பின்பக்கம் வரை இறங்கிவிடும். (மதுரைச் சுங்குடியிலும் கட்டித்தான் சாயம் போடுகிறார்கள். ஆனால் அங்கே கட்டுவது நெய்து முடித்த துணியை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு.)

பிரிண்ட்டைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம். விசைத்தறி இக்கத்தில்தான் சிக்கலே. நூலைக் கட்டிச் சாயம் போட்டது உண்மை, டிசைனும் உண்மை. நெய்தது மட்டும் மின்சாரத் தறி. நூல் சோதனையில் இது பாஸ் ஆகிவிடும். அதனால்தான் விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கட்டுப் போட்டது பாவுக்கா (நீளவாக்கில் ஓடும் நூல்), ஊடைக்கா (குறுக்கே ஓடும் நூல்), இரண்டுக்குமா?

பாவில் மட்டும் கட்டுப் போட்டிருந்தால் டிசைனின் விளிம்பு துணியின் நீளவாக்கில் கலங்கியிருக்கும். ஊடை என்றால் அகலவாக்கில் கலங்கும். இரண்டிலும் போட்டால் இரு பக்கமும் லேசாகக் கலங்கி, ஒரே நிறம் சந்திக்கும் இடங்களில் அழுத்தமான சின்னச் சதுரங்கள் தெரியும். பாவு இக்கத்தை விசைத்தறியில் ஓட்டிவிடலாம். ஊடை இக்கத் அப்படியில்லை. ஒவ்வொரு இழையையும் நெசவாளர் கையால் இழுத்துச் சரிபார்த்துத்தான் டிசைனில் உட்கார வைக்க வேண்டும். அப்படி இழுத்ததில் மிஞ்சும் நூல் ஓரக்கரையில் சின்னச் சின்ன வளையமாக நீட்டிக்கொண்டிருக்கும். பலர் அதைக் குறை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆக, ஊடை இக்கத்தும் இரட்டை இக்கத்தும் பெரும்பாலும் கைத்தறிதான். பாவு இக்கத் வாங்கும்போதுதான் கைத்தறி முத்திரையையும் பில்லையும் கேட்டு வாங்க வேண்டும்.

விலை ஏன் ஏறுகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. ஊடை நூலைக் கட்டுவதற்கு முன் ‘ஆசு’ என்ற சட்டத்தின் முளைகளில் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்குக் கை ஏறத்தாழ 9,000 முறை போய் வரும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை அது. தாயார் லட்சுமி இதில் படும் தோள்வலியைப் பார்த்துத்தான் சிந்தகிந்தி மல்லேசம் ‘லட்சுமி ஆசு’ இயந்திரத்தைச் செய்தார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். இதற்கெல்லாம் பிறகுதான் நூல் தறிக்கே வருகிறது. மீட்டர் 110 ரூபாயில் இது எங்கே அடங்கும்?

சரி, எங்கே வாங்குவது? மேப்பில் தேடும்போது கவனம்: நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு போச்சம்பள்ளி இருக்கிறது! உங்களுக்கு வேண்டியது தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளி. 1951-இல் வினோபா பாவேயின் பூமிதான இயக்கம் தொடங்கிய அதே ஊர். ஹைதராபாத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது, மாஸ்டர் நெசவாளர்களின் (மற்ற நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குபவர்கள்) வீட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் கடை என்பதற்காகவே நம்பிவிட வேண்டாம். விசைத்தறித் துணி அங்கேயும் வந்து சேரும். அதே மாவட்டத்துப் புட்டபாக்கா என்ற ஊர், தேலியா ருமாலுக்கும் (எண்ணெயில் பதப்படுத்திய நூலில் நெய்யும் சதுரத் துணி) நுணுக்கமான இரட்டை இக்கத்துக்கும் பெயர் பெற்றது. அழகு, ஆனால் குர்த்தி வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. வளைவான பூ, மீன், சங்கு போன்ற டிசைன் வேண்டுமென்றால் ஒடிசாவுக்குத்தான் போக வேண்டும்: பர்கட் ஊரில் சம்பல்புரி பஸ்த்ராலயா என்ற கூட்டுறவுச் சங்கம், மாநிலக் கூட்டுறவான பொயனிகா. குஜராத்தின் பாடன் ஊர்ப் பட்டோலா (பட்டில் நெய்யும் இரட்டை இக்கத்) உங்கள் கணக்கிலேயே வராது. ஒரு சேலைக்கே மாதக்கணக்கில் ஆகும்.

முதல் தடவை உங்கள் சொந்த டிசைனைக் கொடுத்து ஆர்டர் போடாதீர்கள். பாவுக்குக் கட்டுப் போடுவதென்றால் முழுப் பாவுக்கும் (தறியில் ஒரு தடவை ஏற்றும் மொத்த நீளம்) போட்டாக வேண்டும்; உங்கள் பத்து மீட்டருக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கையிருப்பில் இருப்பதிலிருந்து இரண்டு மீட்டர் சாம்பிள் வாங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு சைஸ் செட்டுக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே பாவிலிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த பாவில் அதே நிறம் அச்சு அசலாக வராது. தொடர்ந்து வாங்கும் நிலை வந்தபின், அதே பாவில் ஊடை நிறத்தை மட்டும் மாற்றி இரண்டு மூன்று ரகமாக நெய்துதரக் கேட்கலாம். செலவு ஏறாமல் வெரைட்டி கிடைக்கும்.

சாம்பிள் வந்ததும் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்குவது பருத்திக் கைத்தறியில் சாதாரணம். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பையும் கருப்பையும் நன்றாகத் தேய்த்தும் பாருங்கள். சாயம் தாராளமாக ஒட்டினால் அந்த ரகத்தையே விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். ஒழுங்காக ஏறாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. டிசைன் பொருத்தி வெட்ட வேண்டியிருப்பதால் வழக்கமான அளவை விட 15 சதவீதமாவது துணி கூடுதலாகப் போகும். அதையும் விலையில் சேருங்கள்.

கையில் மிச்சமிருக்கும் பழைய துணியை வீணாக்க வேண்டாம். ‘இக்கத் பிரிண்ட்’ என்று லேபிளில் தெளிவாக எழுதி, அதற்கேற்ற விலையில் தைத்து விற்றுவிடுங்கள். திருப்பிக் கொடுத்தாரே அந்த வாடிக்கையாளர், அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். புதுச் சரக்கு வந்ததும் முதலில் அவரிடமே காட்டுங்கள். நூலை உருவிப் பார்க்கத் தெரிந்தவர் போலிருக்கிறது.