பலகையில் என் மகன் பெயர் எப்போதும் சிவப்பில்
(தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் நடத்தை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் பதில்கள்)

கேள்வி: என் மகன் முதல் வகுப்பு. பள்ளி திறந்ததும் நாலு பக்க நடத்தை விதிகளில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வகுப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பலகை இருக்கிறது. இவன் பெயர் பெரும்பாலும் சிவப்பில்தான். "நான் சிவப்புப் பையன்மா" என்கிறான். நாங்களும் வீட்டில் கண்டிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. காலையில் வகுப்பில் நடந்ததற்கு மாலையில் வீட்டில் இன்னொரு தண்டனை என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபடாது. அம்மாவுக்கும் என் மேல் கோபம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவன் தனக்கே வைத்துக்கொண்ட அந்தப் பெயர்தான். யார் தவறு செய்தார்கள் என்பதை அந்தப் பலகை வகுப்பு முழுவதற்கும் சொல்கிறது. அதற்குப் பதில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு பிள்ளைக்குக்கூடச் சொல்வதில்லை. நான் பொறுப்பில் இருந்த பள்ளியில் இப்படிப்பட்ட பலகைகளை அனுமதிக்கவில்லை. வாரக் கடைசியில் அதில் சிவப்பில் நிற்பது அநேகமாக அதே இரண்டு மூன்று பிள்ளைகளாகத்தான் இருக்கும். மற்ற பிள்ளைகளும் அவர்களை அப்படியே பார்க்கப் பழகிவிடுவார்கள்.

சொன்னால் கேட்க வேண்டியதுதானே என்று தோன்றலாம். அடீல் டயமண்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சூரியன் படத்தைக் காட்டினால் 'இரவு' என்று சொல்ல வேண்டும், நிலா படத்தைக் காட்டினால் 'பகல்' என்று சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இதில் மிகவும் திணறினார்கள். விதி அவர்களுக்குப் புரியாமல் இல்லை, வாய் முந்திக்கொண்டது. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் அந்தத் திறன் உங்கள் மகனுக்கு இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. பசி, தூக்கம், கூட்டம், சத்தம் எல்லாம் சேர்ந்தால் உள்ளதும் நழுவும்.

ஆகவே ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். சண்டை போட வேண்டாம். "எந்த நேரத்தில் இவனுக்குக் கஷ்டமாகிறது?" என்று மட்டும் கேளுங்கள். என் அனுபவத்தில் பாடம் நடக்கும்போது வந்த தொல்லைகள் குறைவு. வரிசையில் நிற்கும்போது, பையை எடுத்து வைக்கும்போது, வேலையை முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் தள்ளுமுள்ளு வரும். அது தெரிந்துவிட்டால் வழி எளிது. நோட்டு விநியோகிக்கும் வேலையை அவனிடம் கொடுக்கலாம். வரிசையில் ஆசிரியைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம்.

அப்புறம் அந்த நாலு பக்கம். அது உங்களுக்காக எழுதியது, அவனுக்காக அல்ல. முதல் வகுப்புக்கு மூன்று நான்கு விதிகள் போதும். அவையும் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "ஓடாதே" என்றால் நிற்பதா, நடப்பதா, உட்காருவதா? "வராந்தாவில் நடந்து போ" என்றால் பிள்ளை நடக்கும். பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, அவசரமாகக் கழிப்பறை போக வேண்டுமானால் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் செய்ய வைத்துப் பழக்க வேண்டும். ஒரு விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் பழக்க வேண்டும். எழுத்துப் பிழை வந்தால் கையைப் பிடித்து மறுபடி எழுதப் பழக்குகிறோமே, நடத்தையில் பிழை வந்தால் மட்டும் ஏன் பெயரைப் பலகையில் நகர்த்துகிறோம்?

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஒழுங்காக இருந்தால் ஸ்டிக்கர் கொடுக்கிறேன். இப்போது எதற்கெடுத்தாலும் "ஸ்டிக்கர் உண்டா மிஸ்?" என்கிறார்கள்.

பதில்: மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1973-இல் இதைத்தான் காட்டினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னாளில் பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஸ்டிக்கரை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், மெல்லக் குறையுங்கள். அதன் இடத்தில் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "கீழே விழுந்த பெட்டியை நீயாகவே எடுத்து வைத்தாய், அவளுக்கு உதவியாக இருந்தது." வெறும் "குட் கேர்ள்" வேண்டாம்.

கேள்வி: அடி இல்லாமல் பிள்ளை வளருமா? நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம். — ஒரு தாத்தா

பதில்: வளரும் ஐயா. வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஸ்வீடன் 1979-இலேயே சட்டம் கொண்டுவந்தது. பள்ளி ஒழுங்கு என்பது பிள்ளையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. சபையில் நிறைவேறிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. அடி வாங்கிய பிள்ளை அடிப்பவர் எப்போது வருகிறார் என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அவர் வெளியே போனதும் வகுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் மகளை ஒரு பையன் கடித்துவிட்டான். 'சாரி' சொல்ல வைத்ததோடு விட்டுவிட்டார்கள். அவனை வகுப்பை விட்டு அனுப்பச் சொல்வது தவறா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சொல்லிக்கொடுத்து வாங்கிய 'சாரி' யாருக்கும் பயன்படாது. ஆனால் அந்தப் பையனை வெளியே உட்கார வைத்தால், கடிக்காமல் கேட்பது எப்படி என்பதை அவன் எங்கே கற்பான்? பள்ளியிடம் மூன்று விஷயங்களை உறுதியாகக் கேளுங்கள். கடித்ததும் முதலில் உங்கள் மகளிடம் போய்க் காயத்தைப் பார்த்தது யார்? இனி கொஞ்ச நாள் அந்த இருவரும் சேர்ந்து விளையாடும் நேரத்தில் பக்கத்தில் யார் நிற்பார்கள்? உங்கள் மகள் "வேண்டாம், நிறுத்து" என்று சத்தமாகச் சொல்லவும், அந்தப் பையன் "எனக்கும் தா" என்று கேட்கவும் யார் பழக்கப் போகிறார்கள்? பதில்களைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள்.