பழைய காரும் பாலிசியில் எழுதிய தொகையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 2002-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஸென் கார் உள்ளது. என் கணவர் ஆசையாக வாங்கியது; நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். அவர் காலமான பிறகு ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றி, 2022-இல் பதிவையும் புதுப்பித்து, குறையில்லாமல் பராமரித்து வந்தேன். சென்ற மாதம் சாலையோரம் நிறுத்தியிருந்தபோது பின்னால் வந்த லாரி மோதி, காரின் பின்பாதி நசுங்கிவிட்டது. காருக்குள் யாரும் இல்லை. லாரி ஓட்டுநர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகியுள்ளது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் 1,12,000 ரூபாய். பாலிசியில் ஐ.டி.வி. (காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட மதிப்பு) 60,000 ரூபாய் என்று உள்ளது. காப்பீட்டு நிறுவனமோ, இது முழு இழப்பு என்று கூறி, ‘இவ்வளவு பழைய வண்டியின் இன்றைய சந்தை மதிப்பு 46,000 ரூபாய்தான்’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. விபத்துக்கு முன்பு இதே காரை 1,50,000 ரூபாய்க்குக் கேட்டவர்கள் உண்டு. காயலான் கடைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, தங்கள் கணவர் வாங்கி, தாங்கள் இத்தனை ஆண்டுகள் காத்துவந்த காரைப் பற்றி ஒரு நிறுவனம் ‘இவ்வளவு பழைய வண்டி’ என்று எழுதும்போது எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்பது புரிகிறது. ஆயினும் தங்களுக்கு வந்துள்ள கடிதத்தில் மனத்தைப் புண்படுத்தும் சொற்களைவிட முக்கியமானது, அது பாலிசியின் நிபந்தனைக்கே முரணாக உள்ளது என்பதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐ.டி.வி. என்பது, பாலிசி தொடங்கும் நாளில் நிறுவனமும் வாகன உரிமையாளரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளும் மதிப்பு. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனத்துக்கு அதன் புதிய விலையிலிருந்து 5 முதல் 50 விழுக்காடு வரை வயதுக்கேற்பக் கழித்து அந்த மதிப்பைக் கணக்கிடுவார்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் இந்த அட்டவணை இல்லை. இருதரப்பும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பு. அப்படி எழுதப்பட்ட தொகைதான் பாலிசிக் காலம் முழுவதும் முழு இழப்புக்கான சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும், மேலும் தேய்மானம் கழிக்கப்படாது என்று அதே தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது.

இதன் பொருள், 60,000 என்ற எண் இருதரப்பையும் கட்டுப்படுத்துகிறது என்பதே. விபத்துக்கு முன் 1,50,000 ரூபாய்க்குக் கேட்டார்கள் என்பதைக் காட்டித் தாங்கள் தங்கள் நிறுவனத்திடம் கூடுதலாகக் கேட்க முடியாது. அதைப் போலவே, 60,000 ரூபாய் மதிப்புக்குப் பிரீமியம் வாங்கிய நிறுவனம், இழப்பு நேர்ந்த பிறகு புதிதாகச் சந்தை விலை விசாரித்து 46,000 என்று குறைக்கவும் முடியாது. பெட்ரோலில் ஓடும் ஸென் காரின் இன்ஜின் 1500 சி.சி.க்கு உட்பட்டது என்பதால், கட்டாயக் கழிவாக, அதாவது உரிமையாளரே ஏற்க வேண்டிய பங்காக, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 59,000 ரூபாயைக் கொடுக்க வேண்டும். தாங்களாகவே கூடுதல் கழிவுக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அது பாலிசியில் எழுதப்பட்டிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குத் தொலைபேசியில் பதில் சொல்லாதீர்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், ஐ.டி.வி. தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எந்த நிபந்தனையின்கீழ் 14,000 ரூபாய் குறைக்கப்பட்டது என்று கேட்டு, சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலையும் கோரி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான ஒரு விஷயம் பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே சரியாகிவிடும் என்பதே என் கருத்து.

இனி, காரைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழுதுநீக்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கருதலாம் என்பது விதி. தங்கள் காருக்கு அந்த எல்லை 45,000 ரூபாய். ஆனால் ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டின் மொத்தத் தொகையை அப்படியே அந்த எல்லையோடு ஒப்பிடக் கூடாது. ‘பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்ட’ செலவையே ஒப்பிட வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் உலோகப் பாகங்களின் விலையில் நிறுவனம் பாதியை மட்டுமே ஏற்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கும் பாதிதான். கண்ணாடிக்கு இந்தத் தேய்மானக் கழிவில்லை. டிங்கர் வேலைக் கூலிக்கும் கழிவில்லை. பெயின்ட் செலவு மொத்தமாக எழுதப்பட்டிருந்தால், அதில் கால்பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் மட்டும் பாதியைக் கழிப்பார்கள்.

தங்கள் எஸ்டிமேட்டில் பாகங்கள் 70,000, கூலி 30,000, பெயின்ட் 12,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழிவுகளுக்குப் பிறகு நிறுவனத்தின் பங்கு 35,000, 30,000, 10,500 என 75,500 ரூபாய் ஆகிறது. இது எல்லையை வெகுவாகத் தாண்டுகிறது. ஆனால் நம்பகமான டிங்கர் ஒருவர், சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பயன்படுத்திய கதவு, பின்புறத் தகடு முதலியவற்றை ரசீதோடு வாங்கி, பாகங்கள் 28,000, கூலி 22,000, பெயின்ட் 8,000 என்று 58,000 ரூபாயில் முடித்துத் தர முன்வந்தால், நிறுவனத்தின் பங்கு 43,000 ரூபாயாகக் குறைந்து எல்லைக்குள் வந்துவிடும். கட்டாயக் கழிவையும் சேர்த்துத் தங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 16,000 ரூபாய் செலவாகும். கார், பதிவு, பாலிசி மூன்றும் நிலைக்கும். இத்தகைய மாற்று எஸ்டிமேட்டைச் சர்வேயரிடம் முன்வைத்துப் பரிசீலிக்கக் கேட்பதில் தவறில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன் அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும் என்பது மட்டும் அவசியம்.

இங்கே ஒன்றை அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஸென் போன்ற கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனி சேஸிஸ் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் தூண்களும் கூரையும் சேர்ந்த உடலே சட்டகமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. பின்கதவும் பம்பரும் நசுங்கியிருந்தால் மாற்றிவிடலாம். தரைத்தகடு மடிந்து, பின்சக்கரம் பொருந்தும் இடம் விலகி, கூரைத் தூண் வளைந்திருந்தால், வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்தாலும் அடுத்த மோதலில் அந்த உடல் தங்களைக் காக்காது. விபத்துக்குள்ளான வண்டிகளைச் சரிசெய்து பழகிய ஒருவரை அழைத்துச் சென்று, காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் காரை இவ்வளவு பேணிய தாங்கள், நம்ப முடியாத ஓர் உடலுக்குள் உட்கார்ந்து ஓட்டுவதைத் தங்கள் கணவரும் விரும்பியிருக்க மாட்டார்.

முழு இழப்பாகவே முடிந்தாலும் சிதைந்த காரைத் தாங்களே வைத்துக்கொள்ள வழியுண்டு. நிறுவனம் சிதைவுக்கு ஏலவிலை கேட்டு, அதைக் கழித்து மீதியைத் தரும். சிதைவின் விலை 18,000 என்றால் தங்கள் கைக்கு 41,000 ரூபாய் வரும். அந்த விலைக்கு யார் கேட்டார்கள் என்பதைக் காட்டும் ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள், ஆர்.சி.யோடு ஒரு விலையும், ஆர்.சி. இல்லாமல் அதைவிடக் குறைந்த ஒரு விலையும் சொல்லப்படுவது வழக்கம் என்பதால், எந்த விலையைத் தங்கள் கணக்கில் கழித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தி வைப்பதற்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால் இந்த முடிவை நீட்டிக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு லாரி ஓட்டுநருடையது என்பதை மறந்துவிடாதீர்கள். தங்கள் பாலிசி 60,000 ரூபாயோடு நின்றுவிடும். ஆனால் லாரி உரிமையாளரும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் அந்த எண்ணால் கட்டுப்பட்டவர்கள் அல்லர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ், சொத்து இழப்புக்காகவும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், தாங்கள் வசிக்கும் எல்லைக்குள்ளேயே, மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. காரின் உண்மை மதிப்பை மெய்ப்பிக்க, பராமரிப்பு ரசீதுகள், விபத்துக்கு முன் எடுத்த படங்கள், தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் சான்று ஆகியவை உதவும். ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் பெற முடியாது; தங்கள் நிறுவனம் ஈடுசெய்யாத எஞ்சிய பகுதியைத்தான் கேட்கலாம். தங்கள் நிறுவனத்திடம் ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்ட ரசீதைக் காட்டி எதிர்த்தரப்பு மறுக்கக்கூடும். ஆகவே பாலிசிப்படி உரிய தொகையை மட்டும் பெறுவதாகவும், லாரித் தரப்பின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் எழுதிக் கையொப்பமிடுங்கள். அதற்கு முன் விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த வாசகத்தைக் காட்டிவிடுங்கள். இத்தகைய ரசீதைக் காட்டி, கூடுதல் இழப்பீடு கோரும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனங்கள் தடுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே அறிவுறுத்தியிருப்பதும் தங்களுக்குத் துணையாக இருக்கும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய என் பழைய காருக்கு முழு இழப்பீடு கிடைத்துவிட்டது. நிறுவனம் அனுப்பிய வியாபாரி, சில படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரை எடுத்துச் சென்றார். இன்றும் இணையத்தில் பார்த்தால் ஆர்.சி. என் பெயரிலேயே இருக்கிறது. இதனால் தொல்லை வருமா?
– வாசகர், சென்னை

பதில்: வரக்கூடும்; இன்றே கவனியுங்கள். பெயர் மாற்றம் பதிவாகாதவரை, பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அந்த வாகனத்தால் நேரும் விபத்துக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. சிதைந்த கார் மீண்டும் சாலைக்கு வராது என்று நம்பி இருந்துவிட முடியாது. சிலர் அதைச் சரிசெய்து விற்கிறார்கள். அதைவிடக் கொடியதாக, அதன் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்குப் பொருத்துவோரும் உண்டு.

காரை ஒப்படைத்த நாள், நேரம், சேஸிஸ் எண், இன்ஜின் எண், பெற்றுக்கொண்டவரின் அடையாளச் சான்று ஆகியவை அடங்கிய ஒப்படைப்புக் கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். அதன் நகலை இணைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். பயன்படுத்த முடியாதபடி அழிந்த வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. தாமதமாகியிருந்தாலும் தெரிவித்துவிடுவதே நல்லது. பாஸ்டேக் கணக்கையும் வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். இனி இப்படி நேர்ந்தால், அரசுப் பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்துக்கே கார் போக வேண்டும், அழிப்புச் சான்றும் பதிவு ரத்தும் எனக்கு வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் 1994-ஆம் ஆண்டு கான்டெஸா கார் இருக்கிறது. நிறையச் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறேன். பாலிசியை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். ஐ.டி.வி.யை எவ்வளவு எழுதுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பழைய காரின் மதிப்பைப் பேச உரிமையாளருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இந்தப் புதுப்பித்தல் நாள்தான். மதிப்பை முன்கூட்டியே உறுதிசெய்து, முழு இழப்பில் அதை அப்படியே தரும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியை இந்திய மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பு விண்டேஜ் கார்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. அதாவது 1940-ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரிக்கப்பட்டு, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் சங்கத்தின் சான்று பெற்றவை. தங்கள் கான்டெஸாவுக்கு அது பொருந்தாது, ஆனால் ஐ.டி.வி.யைப் பேசி உயர்த்தலாம்.

பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக முகவர் குறைந்த தொகையை எழுதிவிடுவதும், இணையத் திரை தானாகக் காட்டும் எண்ணை நாம் ஒப்புக்கொண்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டன. அதற்கு இடம் கொடுக்காமல், மதிப்பீட்டாளர் சான்று, செலவு ரசீதுகள், உள்ளும் புறமும் எடுத்த படங்கள் ஆகியவற்றை இப்போதே நிறுவனத்துக்கு அனுப்பி, காரை நேரில் பார்வையிட்டு மதிப்பை முடிவுசெய்யக் கோருங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். மிகைப்படுத்திய தொகையை எழுதிப் பயனில்லை. காட்டக்கூடிய சான்று எந்தத் தொகைக்கு உள்ளதோ அதையே எழுதச் சொல்லுங்கள்.

அதோடு, ஆர்.சி.யின் காலாவதி நாளையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் பதிவு இல்லாத ஒரு கார் திருடுபோன வழக்கில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பாலிசி நடப்பில் இருந்தும் அந்த உரிமையாளருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கள் காரின் பதிவு முடியும் நாள் நெருங்கியிருந்தால், பாலிசிக்கு முன்பாக ஆர்.டி.ஓ. அலுவலக வேலையை முடித்துவிடுங்கள்.