இரவு 2 மணிப் பசி

கொழும்பில் குடும்பநல உத்தியோகத்தராக 31 வருடம் வீடுவீடாக ஏறி இறங்கி ஓய்வுபெற்ற அன்ரி, தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அன்ரி, எனக்கு 29 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. முதல் பிள்ளை, மகள், நாலு மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கலியாணத்தின்போது 57 கிலோ இருந்தேன், இப்போது 68. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம் நின்று பத்தியம் காய்ச்சித் தந்துவிட்டுப் போய்விட்டா. ஆவணியில் தம்பிக்குக் கலியாணம், இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. சாறிச் சட்டை ஒன்றுகூட அளவில்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் சோறு, பாண், பழம் எல்லாவற்றையும் அடியோடு விடச் சொன்னா. ஐந்து நாள் விட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது, பால் குறைந்ததுபோல இருந்தது, பிள்ளையும் ஒரே அழுகை. மாமியோ, “பால் சுரக்க வேணுமெண்டால் ரெண்டு மடங்கு சாப்பிடு” என்கிறா. பகலில் எப்படியோ சமாளிக்கிறேன். இரவு 2 மணிக்குப் பால் கொடுத்து முடிய வருகிற பசியைத்தான் தாங்க முடியவில்லை. இருட்டில் இருந்து பிஸ்கட் பக்கற்றை முடித்துவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: பிள்ளை, அந்த வெட்கத்தை முதலில் விடுங்கள். இரவு 2 மணிக்கு உங்களுக்கு வருவது ஆசைப் பசி இல்லை. நாலு மாதப் பிள்ளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் பால் குடிக்கிறது. அதைச் சுரக்க உங்கள் உடம்புக்கு நாளொன்றுக்கு 500 கலோரியளவில் மேலதிகமாகத் தேவை. இதில் ஒரு பகுதியைக் கர்ப்பகாலத்தில் இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சாப்பாட்டில் கேட்கும். பகலில் நீங்கள் கொடுக்காததை இரவில் கேட்கிறது, அவ்வளவுதான்.

மச்சாள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பா. ஆனால் பால் கொடுக்கிற தாய் மாச்சத்தை அடியோடு விடக்கூடாது. பாலுக்கு இனிப்பைத் தருகிற லக்ரோசை உடம்பு குளுக்கோசிலிருந்துதான் செய்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டால் இரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்து, அரிதாக என்றாலும், பால் கொடுக்கிற தாய்மாருக்கு வந்திருக்கிறது. வாந்தி, கடும் களைப்பு, மூச்சு வேகமாக வாங்குவது, இவைதான் அறிகுறி. அப்படி வந்தால் வீட்டில் வைத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்கள் ஐந்தாம் நாளே நிறுத்தியது நல்லது.

எனக்கும் இது நடந்தது. 1988இல் என் இரண்டாவது மகனுக்கு ஐந்து மாதம். வேலைக்குத் திரும்பிய கிழமை சீருடை இடுப்பில் இறுகியது. காலையில் பிளேன்டீ, மத்தியானம் இரண்டு இடியப்பம் என்று ஒரு கிழமை ஓட்டினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையில், பிரசவித்து பத்து நாளான தாயைப் பார்க்கப் படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே இருந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மம்மா ஓடிவந்து பிடித்து, உள்ளே கூட்டிப்போய், சிவப்பரிசிச் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும் போட்டுத் தந்தா. “நீயும் பால் குடுக்கிற பிள்ளையெல்லே” என்று மட்டும் சொன்னா. அந்தத் தட்டு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பாதித் தட்டில் கீரையும் மரக்கறியும், கால்வாசியில் சோறு, மிச்சத்தில் பருப்பும் ஒரு மீன் துண்டும். நிறை குறைக்க விரும்புகிற எந்தத் தாய்க்கும் நான் இதற்குமேல் நல்ல தட்டு ஒன்றைக் காட்டியதில்லை.

ஆகவே மாமி சொல்வதுபோல இரண்டு மடங்கும் வேண்டாம், மச்சாள் சொல்வதுபோலப் பட்டினியும் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். எதனால் நிறைக்கிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் அம்மா காய்ச்சித் தந்த பத்தியத்தை நினைத்துப் பாருங்கள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக்கறி. மீன், முருங்கையிலை, பிஞ்சுக் கத்தரிக்காய். அதில் எண்ணெய் எவ்வளவு இருந்தது? பொரியல் ஏதாவது இருந்ததா? எங்கள் பாட்டிமார் வகுத்த சாப்பாட்டின் எலும்பு நல்ல எலும்பு. தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று தாகத்தை அடக்க வைத்தார்களே, அது மட்டும்தான் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லாத விஷயம். பிள்ளை உறிஞ்சத் தொடங்கியதும் தொண்டை வரள்வதைக் கவனித்திருப்பீர்கள். பாலை இறக்குகிற ஒக்சிரோசின் சுரக்கும்போதே தாகமும் சேர்ந்து வருகிறது. பால் கொடுக்க இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அம்மா போன பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நான் பார்த்த எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது. தனியாக நிற்கிற தாய்க்குச் சமைக்க நேரமில்லை. பிள்ளை நித்திரையானதும் ஒரு பால் தேத்தண்ணி. ஒரு மோல்ட். பின்னேரம் அவர் வரும்போது காலி வீதியில் வாங்கி வருகிற றோல்ஸ், பற்றிஸ். நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் பதினைந்து தேக்கரண்டி. அது மட்டுமே 240 கலோரி வரும், வயிற்றில் அரை மணித்தியாலம்கூட நிற்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. பொரித்த பண்டத்தில் அது எத்தனை கரண்டி போனதென்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். சோற்றுக் கோப்பையில் இல்லை.

காலையில் சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் கலந்த பிட்டு நல்லது. தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து, அவிக்கும்போதே முருங்கையிலையைக் கலந்து அவியுங்கள். அதோடு ஒரு முட்டை, அல்லது கட்டியாகக் காய்ச்சிய பருப்பு. வெறும் சம்பலோடு சாப்பிட்டால் 10 மணிக்குத் திரும்பப் பசிக்கும். புரதம் இருந்தால் மத்தியானம்வரை தாங்கும். இடியப்பம் என்றால் சொதியை இரண்டாம் பாலில் வைக்கலாம், முதற்பால் விடாமலேயே தேசிக்காய்ப் புளியும் கறிவேப்பிலையும் ருசி தரும்.

மத்தியானத்துக்கு அந்தக் கொட்டாஞ்சேனைத் தட்டுத்தான். ஒரு கோப்பை சோறு போதும், இரண்டு கோப்பை மரக்கறி. வெள்ளவத்தைச் சந்தையில் காலையில் கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் கட்டுக்கட்டாக வரும். ஆய்வதற்குத்தான் அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவரையும் இருத்தி ஆயச் சொல்லுங்கள். கழுவி, நீர் வடித்து, துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்கு நிற்கும்.

இப்போது உங்கள் 2 மணிக்கு வருவோம், கடிதத்தில் நெஞ்சைத் தொட்ட இடம் அதுதான். இரவுப் பசிக்கு இரவில் மருந்து தேடாதீர்கள். பின்னேரமே ஆயத்தம் செய்யுங்கள். ஒரு சுண்டு கடலையை முதல் நாள் இரவு ஊறப்போட்டு, அடுத்தநாள் உப்புப் போட்டு அவித்து, பிரிட்ஜில் வையுங்கள். படுக்கப் போகும்போது ஒரு கோப்பையளவு மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒரு கோப்பை அவித்த கடலையில் 14 கிராமளவு புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருக்கிறது, மெல்ல வேண்டியிருப்பதால் நிதானமாகவும் சாப்பிடுவீர்கள். ஒருநாள் கடலை, ஒருநாள் பயறு, ஒருநாள் கௌபி. அல்லது அவித்த முட்டையும் ஒரு கதலி வாழைப்பழமும். ஒரு கை கச்சான் என்றாலும் சரி, ஆனால் அளந்து எடுத்து வையுங்கள், பையோடு வேண்டாம். முக்கியமான விஷயம், பிஸ்கட் பக்கற் படுக்கையறையில் இருக்கவே கூடாது. அந்த நேரத்து அசதியில் கைக்கு எட்டுவதுதான் வாய்க்குப் போகும். யாருக்கும் அப்படித்தான்.

எட்டு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு 2 மணிவரை வெறும் வயிற்றோடு இருக்கிறீர்களோ என்றும் பாருங்கள். பத்து மணிப் பாலூட்டலோடு ஒரு கிண்ணம் தயிரோ உள்ளிக் கஞ்சியோ எடுத்தால் 2 மணிப் பசியின் வேகம் குறையும்.

ஆவணிக்கு வருவோம். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய முயலாதீர்கள். அந்தக் கணக்கில் பதினொரு கிலோவுக்கு 22 கிழமை, அதாவது ஐந்து மாதம். ஆனால் எல்லாக் கிழமையும் அப்படிக் குறையாது. நித்திரை இல்லாத கிழமையில் முள் அசையவே அசையாது. ஆறு கிலோ குறைந்தாலும் நான் கைதட்டுவேன். உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பால் கொடுக்கும் காலத்தில் மார்பு பெரிதாகத்தான் இருக்கும். நிறை 57க்கே வந்தாலும் பழைய சட்டை பூட்டுப்படாது. அது உங்கள் தவறே இல்லை. வெள்ளவத்தையில் தையற்காரருக்கா பஞ்சம்? ஆடியில் அளவு கொடுத்து, முன்பக்கம் திறக்கிறமாதிரி ஒரு புதுச்சட்டை தைப்பியுங்கள். கலியாண மண்டபத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் வேண்டுமே.

பால் போதுமா என்பதை மார்பின் கனத்தை வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளையை வைத்துப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறாளா, கிளினிக் கார்ட்டில் வளர்ச்சிக்கோடு ஏறுகிறதா, அதுதான் கணக்கு. இந்த ஐந்து நாளில் குறைந்திருந்தாலும் அடிக்கடி கொடுக்கக் கொடுக்கத் திரும்பும். கோடு ஏறாவிட்டால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள். சிசேரியன் என்றால் டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மெலிய வைக்கும் தேயிலை, மாத்திரை என்று விற்கிற எதையும் தொட வேண்டாம். அவற்றில் இருப்பது பாலிலும் போகலாம்.

கேள்வி: கிளினிக்கில் தருகிற திரிபோஷாவைச் சாப்பிட்டால் இன்னும் உடம்பு வைக்குமென்று மூத்தவனுக்கே கொடுத்துவிடுகிறேன். சரிதானே?
(மட்டக்குளி வாசகி)

பதில்: சரியில்லை அம்மா. அது உங்கள் பங்கு. திரிபோஷா 1973இலிருந்து இந்த நாட்டுத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுபடுகிறது. சோளம், சோயா, பால்மா, அதோடு விற்றமின்களும் கனியுப்புகளும். நாளைக்கு 50 கிராம் எடுத்தால் சுமார் 200 கலோரி, ஒரு கோப்பைச் சோறு அளவுதான். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிக்கும்போதுதான் அது இரண்டு மடங்காகிறது. பின்னேர றோல்ஸுக்குப் பதிலாக உப்புக் கொஞ்சம் போட்டுக் கஞ்சியாகக் குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் விடாமல் எடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டாம். இரும்பு மாத்திரை போட்டவுடன் தேத்தண்ணியும் வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

கேள்வி: மருமகளுக்குப் பால் சுரக்கட்டுமென்று கிழமைக்கு மூன்று நாள் சுறா வறை செய்து கொடுக்கிறேன். அவ இப்போது சுறாவில் பாதரசம் இருக்கிறது, பிள்ளைக்குக் கூடாதென்று தட்டைத் தள்ளிவிடுகிறா. எங்களை வளர்த்தது சுறா வறைதானே? மனம் நொந்துபோனேன்.
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: அக்கா, உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. என் அம்மாவும் பால்சுறாவுக்காக விடியவே சந்தைக்கு ஓடினவதான். ஆனால் மருமகள் சொல்வது உண்மை. சுறா மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழ்கிற பெரிய மீன். கடலிலுள்ள பாதரசம், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறி அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. தாய் சாப்பிட்டால் பாலிலும் கொஞ்சம் போகும், வளர்கிற மூளைக்கு அது ஆகாது. அதனால் பால் கொடுக்கிற காலத்தில் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது.

ஆனால் நீங்கள் கொடுக்க நினைத்தது சுறாவை இல்லையே, வறையைத்தானே? அதை விடவேண்டாம். எண்ணெய் இல்லாமல், முள் எடுத்த மீனும் உள்ளியும் மிளகும் சேர்ந்த அந்த வறை, மெலிய நினைக்கிற தாய்க்கும் அருமையான சாப்பாடு. வயிறு நிறையும், சோறு தானாகக் குறையும். மீனை மட்டும் மாற்றுங்கள். கும்பளா, சாளை, நெத்தலி, எல்லாம் சின்ன மீன், விலையும் குறைவு. கும்பளாவை உப்பும் மஞ்சளும் பழப்புளியும் போட்டு அவித்து, ஆறினதும் முள்ளெடுத்து உதிர்த்து, நீரைப் பிழிந்துவிடுங்கள். சின்ன வெங்காயமும் உள்ளியும் நிறைய வெட்டி, மிளகு சீரகம் இடித்துப் போட்டு, சட்டியில் மெல்லிய நெருப்பில் பிரட்டுங்கள். தேங்காய்ப்பூ ஒரு கை போதும். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. மருமகளையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள், முள்ளெடுக்க இன்னொரு சோடிக் கண் வேண்டும்.