மகளுக்கு நெடுஞ்சாலைத் துறை ஒத்துவருமா?

அம்மா, பி.இ. சிவில் முடித்த மகள் நெடுஞ்சாலைத் துறைக்குப் போகலாமா, அதற்காக வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் துறையைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சாலையானாலும் 'ஹைவேஸ்காரங்க போட்டது' என்று சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் முக்கியமாக இருப்பவை மாநில நெடுஞ்சாலைகள், மாவட்டச் சாலைகள், அவற்றிலுள்ள பாலங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு பகுதியை இத்துறையின் தனிப் பிரிவு பார்க்கிறது. மற்றவை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இருக்கின்றன. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை.

இங்கே உதவிப் பொறியாளராகச் சேர்பவருக்கு மேஜை வேலை பாதி, வெயில் பாதி. எஸ்டிமேட் போட வேண்டும், டெண்டர் வேலைகளைப் பார்க்க வேண்டும், சாலை போடும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். தார்க்கலவை லாரி வந்ததும் தெர்மாமீட்டரைச் செருகிச் சூடு பார்ப்பார்கள். ஆறிப்போன கலவை, ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் சரியாக இறுகாது, மழையில் பெயர்ந்துவிடும். அப்புறம் நீளம், அகலம், கனம் அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். 'கொஞ்சம் கூட்டி எழுதுங்க மேடம்' என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்வாளா? மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவளிடமே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாலையில் மரம் விழுந்தால் ராத்திரியிலும் கிளம்ப வேண்டிவரும், அதையும் சொல்லிவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சியின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு வழியாக ஆள் எடுக்கிறார்கள். பொதுப்பணி, நீர்வளத் துறைகளின் இடங்களும் அதே தேர்வில் வருவதுண்டு. ஆகவே படிப்பது ஒரு துறைக்காக மட்டும் அல்ல. சிவில் பாடங்களோடு பொது அறிவும் உண்டு. பத்தாம் வகுப்புத் தரத்திலான தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் கட்டாயம். அது கிடைக்காவிட்டால் மற்ற மதிப்பெண்கள் கணக்கிலேயே வராது. பொறியியல் பிள்ளைகள் அலட்சியமாக விடுவது இதைத்தான். தினமும் அரை மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து மட்டும் படிப்பதை நான் விரும்பமாட்டேன். எப்போது அறிவிப்பு வரும், எத்தனை இடம் என்பது நம் கையில் இல்லை. சாலை அல்லது பாலம் கட்டும் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினீயராகச் சேரட்டும். காலையிலும் விடுமுறை நாளிலும் படிக்கட்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. சர்வேயும் எஸ்டிமேட்டும் கையோடு பழகிவிடும், நேர்முகத் தேர்வு உள்ள பணியென்றால் அங்கேயும் பேச விஷயம் இருக்கும். தேர்வு தேதி வந்தபின் இரண்டு மூன்று மாதம் வேலையை விட்டுப் படிப்பது பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. 'உள்ளே ஆள் இருக்கிறார், இத்தனை லட்சம் கொடுத்தால் போஸ்டிங்' என்று யார் வந்து பேசினாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். விண்ணப்பம் டிஎன்பிஎஸ்சியின் இணையதளத்தில் மட்டும்தான், கட்டணமும் அங்கேயேதான்.